சனிக்கிழமை டயாலிசிஸும் லாவண்யா நிச்சயதார்த்தமும்

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி

மரியாதைக்குரிய மச்சான் உலகநாதன் அவர்களுக்கு, கிருபாகரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை வனஜாவும் நலம், என் கிட்னி இரண்டைத் தவிர. உங்களுக்குக் காது மந்தமான பிறகு போனில் கத்தினால் எனக்குப் பிரஷர் ஏறுவதால் இந்தக் கடிதம்.

செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. பிரஷர்தான் இருநூறுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மூன்று மாத்திரை போதாதா என்று டாக்டரைக் கேட்டதற்கு, "மாத்திரை மட்டும் பத்தாது சார். டயாலிசிஸ் இல்லாத நடு நாள்ல உடம்புல தேங்குற தண்ணிதான் பிரஷரை ஏத்துது. உப்பையும் தண்ணியையும் குறைங்க" என்றார். அன்றிலிருந்து உங்கள் தங்கை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, காபி, ரசம், மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாத்தையும் அதுலயே கழிக்கிறா. ஆடிக் கூழ் ஊத்துனப்ப ரெண்டே சொம்பு, தொட்டுக்கக் கருவாடு, அவ்ளோதான் மச்சான், உடம்புல தண்ணி தேங்கி எடை நாலு கிலோ ஏறி மூச்சு முட்டி ஆட்டோவுல தூக்கிகினு போனாங்க. அடுத்த தபா உஷாரா மூணு மாத்திரையையும் காலையிலயே போட்டுகினு போனேன், மெஷின்ல பாதியில பிரஷர் எண்பதுக்கு இறங்கிக் கண்ணு இருட்டிடுச்சு. நர்ஸ் ஆக்னஸ் என் காலைத் தூக்கி வெச்சுட்டு, "டயாலிசிஸ் அன்னிக்கு எதை எப்பப் போடணும்னு கேட்டுட்டுப் போடுங்கன்னு சொன்னேனே"ன்னு திட்டுது.

பக்கத்து பெட் மனோகரனைப் பாருங்க. பேரனுக்குக் காது குத்துன்னு ஒரு சனிக்கிழமை டயாலிசிஸுக்கே வரல. குத்தம்பாக்கத்துல பிரியாணி சாப்ட்டுகினு ஜாலியா இருந்திருக்கான். இப்போ பூந்தமல்லி பக்கம் வேற சென்டருக்கு மாறிட்டானாம், வனஜாதான் விசாரிச்சுச் சொன்னா. ஒரு நாள் போவலன்னா இன்னா ஆயிடப் போவுது? அதனால மாசக் கடைசி சனிக்கிழமை உங்க பொண்ணு லாவண்யா நிச்சயதார்த்தத்துக்கு நான் வரேன். பந்தியில ஒக்காந்து முழுச் சாப்பாடு சாப்புடணும். ஒரு நாளாவது மனுசன் மாதிரி இருக்கணும்னு கீது மச்சான்.

லாவண்யா நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கிருபாகரன்

பி.கு.: அண்ணா, வனஜா எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டயே குடுத்தாரு. மனோகரன் அண்ணன் எந்த சென்டருக்கும் மாறல. காது குத்துக்கு மறுநாள் பிரஷர் இருநூத்தி நாப்பது, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு, திங்கட்கிழமை போயிட்டாரு. தெரிஞ்சா இவரு பயந்துடுவாருன்னு நானும் ஆக்னஸும் பொய் சொல்லி வெச்சோம். அது இப்போ இங்க வந்து நிக்குது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல. 'நிச்சயதார்த்தத்துக்கு நீங்க வர வேணாம் மாப்ள'ன்னு நீங்களே ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க. காரணம் எழுதாதீங்க. உங்க மேல கோவத்துல பிரஷர் ஏறினாலும் பரவாயில்ல, சனிக்கிழமை மெஷின்ல இறக்கிடுவாங்க.