வேக்கம் டியூபும் ஒரு வேண்டுதலும்

இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு வேன் ஓட்டுவதில்லை என்று லூர்துசாமி உறுதியாக முடிவெடுத்தான். முடிவெடுத்தபோது மனைவி தேசம்மா வீட்டில் இல்லை. பெரிய முடிவுகளை எல்லாம் அவன் அப்படித்தான் எடுப்பான்.

அபிராமபுரத்தில் மீன் விற்றுவிட்டு அவள் குப்பத்துக்குத் திரும்பியதும், முடிவைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து சொல்லிப் பார்த்தான்.

"ஏம்மே, நம்ம பெசன்ட் நகர் கோயில்ல கீறதும் அதே மாதாதானே? நடந்தாலே போயிடலாம். இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போய்க்கினு?"

"ஊட்ல டீ கீதுல்ல? நீ இன்னாத்துக்கு நாயர் கடைக்குப் போற?"

"அது வேற டீ."

"இது வேற வேண்டுதல். கண்ணு ஆபரேசன் நல்லபடியா ஆனா கொடியேத்தத்துக்கு வரேன்னு எங்கம்மா வேண்டிக்கினு கீது. கம்முனு வண்டிய ரெடி பண்ணு."

லூர்துசாமியின் கஷ்டத்தையும் நாம் கேட்க வேண்டும். போன வருஷம் மாமியார் எஸ்தரம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் கோவளத்தில் ஆரம்பித்து நாகப்பட்டினம் வரைக்கும், "மாப்ளே, லாரி வருது, ஓரமா போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லாரி வந்தபோதும் சொன்னாள், வராதபோதும் சொன்னாள். இப்போது கண்ணும் நன்றாகத் தெரிகிறது. இனி சைக்கிளைக்கூட விடமாட்டாள்.

இது ஒரு பாதி. மறுபாதி கேரம் போர்டு. குப்பத்துக் கேரம் போட்டியில் லூர்துசாமி ஆண்டாண்டு காலமாக முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வருகிறவன். இந்த வருஷம் எதிரணிக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்ட புண்ணியத்தில், அவனும் கூட்டாளி தணிகாசலமும் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிப் பயணம் சனிக்கிழமை காலை. இப்படி ஒரு வாய்ப்பு அவன் ஆயுளில் இன்னொரு தடவை வருமா? அதற்கு இன்னொரு கல்யாணம் நடக்க வேண்டும்.

வேனை வைத்தே வேனை நிறுத்த அவனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. போன மாதம் வண்டி நின்ற இடத்திலேயே கடகடவென்று உதறிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஈக்காட்டுத்தாங்கலுக்கு மெஹபூப் அலியின் ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப் போனார்கள். அந்தப் பழைய வேனில் முன் சீட்டைத் தூக்கினால்தான் என்ஜின் தெரியும். மெஹபூப் அலி சீட்டைத் தூக்கி, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியால் என்ஜினைச் சுற்றித் துழாவினார். ஓரிடத்தில் 'உஸ்'ஸென்று கேட்டது.

"வேக்கம் லீக்கு நைனா. இந்த டியூபு உட்டுப்போச்சு. பூற வேண்டிய எடத்துல பூராம காத்து கண்ட எடத்துல பூந்தா, வண்டி குளிர் ஜொரம் கண்டாப்ல ஒதறும். இப்ப பாரு."

டியூபைக் கழற்றிவிட்டு ஓட்டையை விரலால் அடைத்தார். உதறல் நின்றது. விரலை எடுத்தார். உதறியது. பிறகு புது டியூபைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கினார். லூர்துசாமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அத்தனை நேரமும் டார்ச் பிடித்தவள் தேசம்மா. ஆனால் டார்ச் பிடிப்பவர்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தான். கிளிப்பைத் தளர்த்தி டியூபைப் பிடுங்கினான். வேன் உதறியது. மாட்டினான். அடங்கியது. நாளன்றைக்கு எப்படியும் பிடுங்கத்தானே போகிறோம், கிளிப் எதற்கு என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டியூபை மட்டும் செருகி வைத்தான். பார்த்தவர்கள் யாருமில்லை. ஒரு பூனையும், வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த தேசம்மாவும்தான். பூனை அவனைப் பார்த்தது. தேசம்மா மீனைத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் டியூபைப் பிடுங்கிவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து பல் விளக்கினான்.

வழியனுப்பச் சந்தே கூடிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட எஸ்தரம்மா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தேசம்மாவின் தம்பி ஆண்டனி மூட்டைகளை ஏற்றினான். லூர்துசாமி மாதாவைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினான். வேன் கிடுகிடுவென்று ஆடியது. எஸ்தரம்மாவின் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியது.

"இன்னா மாமா இப்பிடி ஆடுது?" என்றான் ஆண்டனி.

லூர்துசாமி காதைச் சாய்த்துக் கேட்டான். பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். "பிளக்கா இருக்கும்னு பாத்தேன். இல்ல. கார்ப்ரேட்டரும் இல்ல. இது உள்காயம். என்ஜினையே எறக்கணும். இத்த நம்பி அம்மாந்தூரம் போனா நடுரோட்லதான் நிக்கணும்."

எஸ்தரம்மா கீழே இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"கண்ணக் குடுத்த மாதாவப் பாக்க எனக்குக் குடுத்து வக்கலியே மாப்ளே."

லூர்துசாமிக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. பாவம், வயசானவள், ஆசையாகப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தான். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் நின்ற தணிகாசலம், விரலால் ஸ்ட்ரைக்கர் சுண்டுகிற மாதிரி ஜாடை காட்டினான். நெஞ்சு உறுத்தல் நின்றுவிட்டது.

தேசம்மா வேன் முன்னால் வந்து நின்றாள். கண்ணை மூடிக் கைகளை விரித்துச் சந்துக்கே கேட்கும்படி வேண்டினாள்.

"மாதாவே, இந்த வண்டி இப்பவே நல்லாயிடுச்சின்னா, எம் புருசன் காவி கட்டிக்கினு உன் சந்நிதிக்கு நடந்தே வருவாரு."

லூர்துசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டியூப் தொங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி எங்கே நல்லாவது? மாதாவே மெக்கானிக் வேலை கற்றால்தான் உண்டு.

"ஆமேன்," என்றான். மற்ற எல்லாரையும்விட உரக்கச் சொன்னான். லூர்துசாமிக்கு இவ்வளவு விசுவாசமா என்று சந்தே நெகிழ்ந்துபோனது.

தேசம்மா வேளாங்கண்ணி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். "என்ஜினுக்கு ரெண்டு சொட்டு உடறேன்," என்று சீட்டைத் தூக்கிக் குனிந்தாள்.

"இருட்டா கீதே, டார்ச் காட்டட்டாக்கா?" என்றான் ஆண்டனி.

"வேணாம்டா. பாத்த எடம்தான்."

லூர்துசாமி சிரிப்பை நிறுத்தினான். அவள் நிமிர்ந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், சாவியைத் திருகினாள். என்ஜின் ஓட, வேன் பால் குடித்த குழந்தை மாதிரி உதறாமல் நின்றது.

"மரியே வாழ்க," என்றது கூட்டம். எஸ்தரம்மா அந்த இடத்திலேயே முட்டி போட்டுவிட்டாள்.

"இது அற்புதம், புதுமையெல்லாம் இல்லமே. அந்த டியூபு..." என்று ஆரம்பித்தான் லூர்துசாமி.

"எந்த டியூபு?" என்றாள் தேசம்மா, ஒன்றும் தெரியாதவள் போல. சந்தே அவன் பக்கம் திரும்பியது.

புதுமை இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பிடுங்கியது யார் என்றும் சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"ஒண்ணுமில்ல," என்றான். பிறகு கடைசி முயற்சியாக, "அப்ப வண்டிய யாரு ஓட்றது?"

"ஆண்டனி ஓட்டுவான். லைசன்ஸ் வாங்கி சும்மாதானே வச்சிக்கினு கீறான்? நாங்க கொடியேத்தத்துக்குப் போறோம். நீ நடந்து தேர் நாளுக்குள்ள வந்து சேரு."

லூர்துசாமி பரிதாபமாகத் தணிகாசலத்தைப் பார்த்தான். தணிகாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மாதா காரியம் மொதல்ல, மச்சி. கேரத்துக்கு நா வேற ஆளப் பாத்துக்கறேன்."

தேசம்மா ஒரு பையிலிருந்து காவி வேட்டியும் காவிச் சட்டையும் எடுத்து நீட்டினாள். வீட்டுக்குள் போய்க் கட்டிக்கொண்டான். சட்டை அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. கண்ணாடியில் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. வேண்டுதல் இப்போதுதானே நடந்தது, சட்டை எப்போது தைத்தது? சட்டைப் பையில் ஏதோ குத்தியது. கையை விட்டான். வியாழக்கிழமை கழற்றிய கிளிப் வந்தது.

பின்னால் வந்து நின்ற தேசம்மா காலரைச் சரிசெய்துவிட்டாள். "தொவைக்கறப்ப உன் பழைய சட்டைல கெடந்துச்சு. நீயே வச்சிக்க. வண்டிக்குப் புதுசு போட்டாச்சி."

திருவான்மியூரைத் தாண்டி, காவி உடுத்த கூட்டத்தோடு கூட்டமாக லூர்துசாமி நடந்துகொண்டிருந்தபோது பின்னால் ஹார்ன் கேட்டது. வேன் வேகத்தைக் குறைத்து அவன் பக்கத்தில் வந்தது. என்ஜினில் ஒரு சின்ன உதறல்கூட இல்லை. முன் சீட்டு ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மாப்ளே, லாரி வருது, ஓரமா போ."