குடல் மாஸ்டரின் கேள்வி

ஆட்டுக் குடலைப் பார்த்துப் பரவசப்பட்டவர் யாழ்ப்பாணத்திலேயே அவர் ஒருவர்தான். கொக்குவில் ரியூட்டறி ஒன்றில் அவர் விலங்கியல் படிப்பித்தார், நான் இரசாயனவியல். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். ஊருக்கு அவர் குடல் மாஸ்டர்.

இறைச்சிக் கடையில் ஒரு சாண் குடல் வாங்கி, சவர அலகால் மெல்லியதாய்ச் சீவி, நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்புவார். போரில் மின்சாரம் போய் வருடக்கணக்கு. முகில் மறைத்தால் வானத்துக்கு ஏச்சு விழும்.

“ஐசே, இஞ்சை வந்து பாரும். சாப்பிட்ட கொழுப்பைக் குடல் கலத்துக்குள்ளை காவிக்கொண்டு போகச் சுமைகாரர் இருக்கினம். அவை பிழைவிட்டால் கொழுப்புக் குவியும். கட்டி வளர அதுவும் ஒரு காரணமோ எண்டு ஆராவது பாத்தவையோ?”

“எனக்குச் சத்தி வருது, மாஸ்டர்,” என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

பொருளாதாரத் தடையில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்க்கு ஊரே அலைந்தபோது, குடல்களில் கொழுப்புக் குறையும் என்று மகிழ்ந்தவர் அவர் மட்டுமே. ஒரு கலியாண வீட்டில் வடையைத் தொட்டவர்களுக்கெல்லாம் சுமைகாரர் கதை சொல்ல, பெண்வீட்டார் அவரை மரியாதையாகப் படலை வரை கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த மனிதர் ஒருநாள் பாடத்தின் நடுவே வயிற்றைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். மாதக்கணக்காக இரத்தம் போயிருக்கிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. குடலில் கட்டி என்ற வைத்தியர் துணுக்கொன்று வெட்டியெடுத்தார். சோதிக்க இங்கே வசதியில்லை. படகேறிக் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் குப்பியைக் கொடுத்தனுப்பினோம். மாஸ்டர் போவதற்கும் பயண அனுமதிப் பாஸ் கேட்டோம். வரவேயில்லை.

குப்பியோடு அவர் கடிதமும் வைத்தார். அதில் இருந்தது ஒரே கேள்வி: ‘கலங்களுக்குள் கொழுப்புக் கூடுதலாக இருக்கிறதா? தயவுசெய்து அறியத்தரவும்.’

“உங்களுக்கு விசரே மாஸ்டர்? தப்புவனோ எண்டெல்லே கேக்கவேணும்!”

“அதைக் கேட்டு என்ன செய்யிறது, ஐசே? மருந்து இருக்கே இஞ்சை?”

கடிதத்தை மடித்துக் குப்பியோடு சேர்த்துக் கட்டினேன்.

பிறகு நாள்தோறும் பாயில் கிடந்தபடி, “கடிதம் வந்ததோ?” என்று கேட்டார். எலும்பும் தோலுமாகியும் கேட்டார். கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அவர் செத்து மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. புற்றுநோய்தான். அறிக்கையின் அடியில் கொழும்பு வைத்தியர் தன் கையால் எழுதியிருந்தார்: ‘சோதனைக்காகத் துணுக்கை மெழுகில் பதித்தபோது கொழுப்புக் கரைந்துவிட்டது. பார்க்க முடியவில்லை, மன்னியுங்கள். எந்த நோயாளியும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. நல்ல கேள்வி. சுகமாக இருக்கிறீர்களா?’

நான்தான் பதில் போட்டேன்.

‘மாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல கேள்வி என்ற இடத்தை இரண்டுதரம் வாசிக்கச் சொன்னார்.’