இன்னும் முப்பது வருசத்தில் வரும் மின்சாரம்

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதோடு வாயை மூடத் தெரியாதவன் நான். அதுவும் ஆதாரத்தோடு சொல்வேன். அந்த நோயால் என் தங்கை மகன் குமரேசனின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் நின்றுபோனது.

குமரேசனுக்கு வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. சூரியனுக்குள் அணுக்கரு இணைவது போல ஒரு கலத்துக்குள் இணைய வைத்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சி. பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா பழனியப்பன், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுபவர். வேலை நிலைக்குமா என்பதை மட்டும் தாய்மாமன் வாயால் கேட்க விரும்பினார்.

தங்கையோடும் குமரேசனோடும் அவர் வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போயிருக்கலாம். பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த ஆராய்ச்சி பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் வெட்டி, தேதியிட்டு ஒட்டிய நோட்டோடு போனேன். (அந்தத் துறையில் எனக்கிருந்த ஒரே தகுதி கத்தரிக்கோல்.)

"கரண்டு எப்பங்க வரும்?" என்றார் பழனியப்பன்.

"இன்னும் முப்பது வருசத்துல வந்துருமுங்க" என்று கடைசியாக ஒட்டியதைக் காட்டினேன்.

அவர் பொறுமையாகப் பின்னோக்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் என் முத்தான கையெழுத்தில் வேறு வேறு தேதி. எல்லாச் செய்தியிலும் அதே முப்பது வருடம்.

"கணக்கு எங்கியும் மாறலீங்க" என்றேன், பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "தண்ணி வராத குழியில நாங்க என்னங்க சொல்லுவோம்? இன்னும் நூறடி போனா வந்துருமுன்னுதான். நம்பித்தான் சொல்லுவோம். சில குழியில வந்தும் இருக்குது. ஆனா அடிக்கு இத்தனைன்னு காசு தோட்டத்துக்காரரு குடுக்கோணும். இதுக்கு ஆருங்க குடுக்கறது?"

"அரசாங்கந்தானுங்க. அப்பப்ப எழுதிக் கேக்கோணும்."

"குடுக்கலீன்னா?"

வேறொரு நாட்டில் அப்படிப் பாதியில் நிறுத்திய செய்தியும் நோட்டில் இருந்தது. (இருந்ததால் காட்டினேன்.)

குமரேசன் தரையைப் பார்த்தான். "பையன் தங்கமுங்க" என்று சொல்லி, பழனியப்பன் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு மரியாதையாக வழியனுப்பினால் என்ன அர்த்தமென்று காரில் ஏறிய பிறகு தங்கைதான் எனக்கு விளக்கினாள்.

இன்றும் எங்கள் சொந்தத்தில் பந்தியில் சோறு வரத் தாமதமானால், "இன்னும் நூறடி போனா வந்துருமுங்க" என்பார் யாராவது. வரிசையே என்னைப் பார்த்துச் சிரிக்கும். குமரேசனும் சிரிப்பான். போன ஆனியில் ஆய்வுக்கூடம் அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது ஈரோட்டில் டியூஷன் எடுக்கிறான், தனியாகத்தான் இருக்கிறான்.

சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் சாய்ந்து, "நெசமாலுமே கிட்ட வந்துட்டோம் மாமா" என்பான்.

நான் தேதி கேட்பதில்லை.