பீப்பாய் அண்ணாச்சியும் என் வலது காலும்

சங்கரன்கோவிலில் பீப்பாய் அண்ணாச்சி முன்னால் மூக்கைச் சொறிந்துவிட்டுத் தப்பித்தவர் எவரும் இல்லை. விரல் மூக்கைத் தொட்டதும் 'தும்' என்று தன் கொட்டு மேளத்தில் ஓர் அடி போடுவார். டீ ஆற்றினால் நீளமாக ஓர் உருட்டல். தெருநாய் உடம்பை உதறினால்கூட விடமாட்டார்.

கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கரீபியன் கடலில், போர்ட்டோ ரிக்கோ தீவில் 'பொம்பா' ஆட்டம் கற்று வந்தார். அங்கே பீப்பாயில் தோல் கட்டியதுதான் கொட்டு. அதையும் தூக்கி வந்து, ஒரு மாடியில் ஞாயிறு காலை வகுப்பு தொடங்கினார். 'பீப்பாய்' என்ற பெயரை ஊர் வைத்தது.

நான் போனது ஆசையால் அல்ல, பயத்தால். புளியங்குடி சாலையில் பைக்கிலிருந்து விழுந்து முறிந்த வலது கால், எலும்பு கூடி ஒரு வருடமாகியும் தரையை நம்பவில்லை. ஊன்றினால் மறுபடி முறியும் என்று முழங்காலுக்குள் ஒரு குளிர் குடியிருந்தது. படி இறங்க மனைவியின் தோள் வேண்டும்.

"அண்ணாச்சிகிட்ட போய்ப் பாருங்க. என் தோளும் எலும்புதானே" என்றாள்.

ஆட வந்தவர்கள் நின்ற வட்டத்தின் நடுவே என்னைத் தனியாக விட்டார்கள். மேளத்தைக் கண்டால் கும்பிடும் பழக்கத்தில் கும்பிட்டேன். 'தும்!' கும்பிட்டதற்கும் அடி. பிறகு மேளம் தொடங்கட்டும் என்று நின்றேன். அண்ணாச்சியும் சும்மா இருந்தார். மின்விசிறி மட்டும் ஆடியது.

"அண்ணாச்சி, அடிங்க."

"நீரு ஆடும் வே."

"நீங்க அடிச்சாத்தானே ஆட முடியும்?"

"இது கரகாட்டம் இல்ல வே. இங்கன ஆடுதவன்தான் முதலாளி. நீரு செய்யுததைத்தான் நான் அடிப்பேன்."

ஓடலாமென்றால் கீழே பதினாறு படி. வலது கால் நடுங்கத் தொடங்கியது. துறுதுறுதுறுவென்று கொட்டும் தொடங்கியது. நடுக்கம் கூடக் கூட அடியும் கூடியது. எனக்குள் ஒளித்து வைத்திருந்த பயம் தெருவரை கேட்டது.

"என்ன காலு வே இது, தந்தி அடிக்கி!" என்றார் கூட ஆட வந்த பலசரக்குக் கடைக்காரர்.

"ஏலே, சிரிக்காதீங்க! வே, எனக்குக் கை வலிக்கி. நிறுத்தும்!" என்று அலறினார் அண்ணாச்சி.

நிறுத்த ஒரே வழி, ஊன்றுவது. ஊன்றினேன்.

'தும்!'

எலும்புதான் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அதிர்ந்துகொண்டிருந்தது பீப்பாய்தான். கால் என் கீழேயே நின்றது.

அன்று சுவரைப் பிடித்துத் தனியாக இறங்கினேன். மாடியிலிருந்து படிக்கு ஒன்றாகப் பதினாறு அடி விழுந்தது.

அண்ணாச்சி மறுபடி கப்பலேறிவிட்டார். பேருந்திலிருந்து இறங்குகையில் இப்போதும் வலது கால் ஒரு கணம் தயங்கும். சட்டென்று ஊன்றிவிடுவேன். அவ்வளவு தூரத்தில், பீப்பாயின் மேல் கையை ஓங்கிக்கொண்டு காத்திருப்பார், பாவம்.