மேகம் போட்டால் காணாமல் போகும் மாப்பிள்ளையின் பாட்டன்

அன்பு மருமகன் எல்தியாருக்கு,

நாரின் ஊரிலிருந்து உன் தாய்மாமன் ஜும்காலி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அத்தை அனார்கானும், மகள் ஐஜமாலும், சினைப்பசுவும் சுகம். பிஷ்கெக்கில் நீயும், என் அக்காவும், அவள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன கணினி ஐஜமாலின் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

நீ சொன்னதை ஓர் எழுத்துகூட மீறவில்லை. நம் வம்சாவளி முழுவதையும் உள்ளே ஏற்றினேன். ஒரு மனிதருக்கு ஒரு கோப்புறை, அதற்குள் அவர் மகன், அந்த மகனுக்குள் அவன் மகன், இப்படி இருபத்தெட்டுத் தலைமுறை. நம் கிளை, அட்பாஷி ஊர்க் கிளை, கொச்கோரில் போய்த் தங்கிவிட்டவர்களின் கிளை எல்லாம் இருக்கிறது. ஏற்றி முடித்ததும் பழைய நோட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டேன், ஒரே விஷயம் இரண்டு இடத்தில் கிடந்தால் குழப்பம் என்று. உன் அத்தை அப்போதே ஒரு பார்வை பார்த்தாள். நான் கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன்.

ஐஜமாலைப் பெண் கேட்டிருக்கும் பையன் சுயுன்பெக், அட்பாஷிக் கிளை. தங்கமான பையன், டிராக்டர் பழுது பார்க்கிறான், இவள் பெயரைச் சொன்னாலே காது சிவந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் ஏழு தலைமுறைக்குள் ஒரே பாட்டன் இருந்துவிட்டால் பேச்சே இல்லை, அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். பார்ப்பதற்கு என்ன, கறுப்புத் திரையில் பெயரை அடித்தால் முன்னோர் வரிசையாக வந்து நிற்கப்போகிறார்கள் என்று நானும் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் அடித்தேன், வந்தது. இரு வீட்டாரும் கூடி ஒத்துப் பார்த்தால்தான் செல்லும் என்பதால் அன்றைக்கு மூடிவைத்தேன். ஐஜமாலைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று மறுநாள் அடித்தேன், “குறிப்பிட்ட பாதை கிடைக்கவில்லை” என்கிறது. அதே கட்டளை, அதே பையன், அதே விரல். அதற்கடுத்த இரண்டு நாளும் இல்லை. என் பெயரை அடித்தால் மட்டும் எல்லா நாளும் வருகிறது. அந்தப் பையனின் பாட்டன்மார்தான் நினைத்தால் இருக்கிறார்கள், நினைத்தால் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

முப்பத்துநான்கு வருஷம் வானிலை நிலையத்தில் குப்பை கொட்டியவன் நான், லேசில் விடுவேனா? நாள்தோறும் குறிப்பு எடுத்தேன். தெளிந்த வானம், கட்டளை வேலை செய்தது. மேகமூட்டம், வடமேற்குக் காற்று, பனிப்பொழிவு, கட்டளை வேலை செய்யவில்லை. பதினெட்டு நாளும் ஒரு நாள் பிசகவில்லை! உடனே கணினியை அடுப்பின் அருகே நகர்த்தினேன், கம்பளியால் போர்த்தினேன், ஈரம் இழுக்கட்டும் என்று சுற்றிலும் உப்பு வைத்தேன், அந்த உப்பைப் பசு நக்கப் பார்த்தது, அது எப்படி அறைக்குள் வந்தது என்பது தனிக் கதை. உன் அத்தை கண்ணேறு என்று சொல்லி ஆர்ச்சா மரக் கிளையைப் புகைத்து மூன்று சுற்று சுற்றினாள். கணினி இருமவில்லை, நான்தான் இருமினேன். ஐஜமால் மட்டும் வாசலில் நின்றுகொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு பையனின் பெரியப்பா ஓரோஸ்பாய் ஆட்டுக்கறியோடு வந்திறங்கினார். வெளியே முழங்கால் உயரப் பனி. வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லியும் வீம்புக்கு அடித்தேன். “கிடைக்கவில்லை.” மனுஷர் எழுந்துவிட்டார்.

“என்ன சம்பந்தி, எங்க பாட்டனையா கிடைக்கலங்குது? அந்த மனுஷன் அறுபது வருஷம் மலையில குதிரை மேய்ச்சவரு, ஒரு நாள் வழி தவறினது கிடையாது!”

“கோவப்படாதீங்க சம்பந்தி, வெயில் வந்தா உங்க பாட்டனும் வந்துருவாரு” என்றேன். நான் சமாதானமாகத்தான் சொன்னேன்.

“ஓகோ, அவரு என்ன காயப்போட்ட வத்தலா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்!”

வெள்ளிவரை பனிதான், என் கணிப்பு தப்பாது. உள்ளே போய்ப் பார்த்தால் ஐஜமால் அழுதுகொண்டே மாவு பிசைகிறாள். ஆகவே மருமகனே, கடிதம் கண்டதும் பனிக்குத் தாங்கக்கூடிய ஒரு கணினியோடு புறப்பட்டு வா. வேலை, விடுப்பு என்று சாக்குச் சொன்னாயானால் நான் உனக்கு மாமனும் இல்லை, நீ எனக்கு மருமகனும் இல்லை.

உன் கால்நடை பெருகட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மன உளைச்சலுடன்,
தாய்மாமன் ஜும்காலி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. கணினி வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். நேற்றுப் பெரியப்பாவும் பையனும் வந்தார்கள். பையன் திரையைப் பார்த்ததும் கேட்டான், “மாமா, எல்லாத்துக்கும் மேல இருக்கற கோப்புறைக்கு என்ன இவ்ளோ நீளமா பேரு?” தினமும் அந்தக் கோப்புறைக்கு அன்றைய வானிலையையே பெயராக மாற்றி வைப்பது என் வழக்கம், உனக்குத் தெரியாததா? தெளிந்த நாளில் “தெளிவு” என்று ஒரே சொல், மற்ற நாளில் காற்று, மேகம், பனியளவு எல்லாம் எழுதத்தானே வேண்டும்? மேலிருந்து கீழ்வரை எல்லாப் பெயரையும் சேர்த்து ஓர் அளவுக்கு மேல் நீண்டால் கணினிக்கு எட்டாதாம். பையன் கிளைதான் இருப்பதிலேயே ஆழம், அதனால் அங்கேதான் முதலில் அறுந்ததாம். ஆக, காரணம் வானிலைதான். நான் சொன்னது சரிதானே!

அவன் சரி செய்யக் கை வைப்பதற்குள் பெரியப்பா கணினியைப் படீரென்று மூடிவிட்டார். “எங்க வம்சம் நீளமா இருந்தா அது எங்க குத்தமா? டேய், நீ வாயால சொல்லு!” பையன் தேநீரை ஊதிக்கொண்டே ஏழு பாட்டன்மாரையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டான். “ஆறு வயசுலயே மனப்பாடம் மாமா. நீங்க கேக்கவே இல்லயே?” மூன்று வாரமாக ஒருவருக்கும் தோன்றவில்லை எல்தியார், ஒருவருக்கும்!

“இப்ப நீங்க சொல்லுங்க சம்பந்தி” என்றார் பெரியப்பா. கசிம்பெக், ஜொலோய், துர்துபாய், மம்பெத் என்று நான்குவரை வந்தேன். அதற்கு மேல் பெயர் வரவில்லை, கை தானாகக் கணினிப் பக்கம் போகிறது. பெரியப்பா என்னையே பார்க்கிறார், ஐஜமால் என்னையே பார்க்கிறாள். அப்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “சரிபாய், எசென்குல், தோலோன்.” உன் அத்தை! வீட்டு மருமகள், மாமனார் வழிப் பெயர்களை வாயால் சொல்லவே கூடாதவள்! ஒரு பெயர்கூடப் பையன் சொன்ன ஏழில் இல்லை. பெரியப்பா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“உனக்கு எப்படிடி தெரியும்?” என்று அப்புறமாகக் கேட்டேன்.

“முப்பத்தோரு வருஷமா நீங்க கதவைச் சாத்தாம போற ஒவ்வொரு தடவையும் உங்க ஏழு தலைமுறையையும் வரிசையா மனசுக்குள்ள திட்டிட்டுத்தானே இருக்கேன், மறக்குமா?”

கல்யாணம் வருகிற சனிக்கிழமை, குடும்பத்தோடு வந்து சேர். ஒருமுறை வாய் திறந்ததில் கூச்சம் விட்டுப்போய், உன் அத்தை இன்று காலையிலிருந்து ஏழு பேரையும் சத்தமாகவே திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.