ஒப்பிட்டைத் துடைத்த வேஸ்ட் மாஸ்டர்

திருப்பூரில் எண்ணெயைக் கண்டு நடுங்கிய ஒரே ஆண்மகன் எங்கள் வேஸ்ட் மாஸ்டர்தான். பெயரைப் பார்த்து உதவாக்கரை என்று நினைத்துவிடாதீர்கள். அறுபதுகளில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர்தான் கட்டிங் மாஸ்டர். எந்த சைசுக்கு என்ன அளவு என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். வெட்டி மிஞ்சிய பனியன் துணியைத்தான் நாங்கள் வேஸ்ட் என்போம். அதில் ஒரு துண்டு எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

டீக்கடையில் வடை வந்ததும் துண்டை எடுத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் வடையைத் துவட்டுவார். கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் ஒருநாள், "ஏனுங்க மாஸ்டர், அப்புடியே சோப்புப் போட்டு அலசிக் காயப் போட்டுருங்களேன்!" என்றார்.

"எண்ணெய் வேண்டாம்னு சொல்லலீங்க. மட்டா இருக்கோணும். மிஞ்சுனா மூளையில பிசுக்குப் புடிச்சுக்கும்" என்றார் மாஸ்டர், டாக்டருக்கே பாடம் நடத்துகிற தெம்போடு.

எனக்குப் பெண் பார்க்க அவிநாசிக்குப் போனபோது, பெரியவராக இவரைத்தான் அழைத்துப் போனேன். பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தம் தவறினால் சாமியாராகிவிடுவது என்றே முடிவு செய்துவிட்டேன். துணியை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே மாஸ்டரிடம் கெஞ்சியிருந்தேன். "செரி கண்ணு" என்றிருந்தார்.

ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி வந்தது. பெண்ணின் அம்மா அதன்மேல் நெய்யைக் குளமாக ஊற்றினார். எங்கள் பக்கத்தில் நெய்யைக் குறைத்தால் மரியாதையைக் குறைத்ததாக அர்த்தம். மாஸ்டரின் கை பைக்குள் போனது. எனக்கு உயிரே போனது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒப்பிட்டை ஒற்றி எடுத்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டு நெய் ஆகாதுங்களா?" என்றார் அம்மா, முகம் சிவந்து.

"நெய் அருமைங்க. எங்கண்ணனும் இப்புடித்தான் நெய்யில முங்கிச் சாப்புடுவாரு. கடேசில, கூடப் பொறந்த என்னையவே யாருன்னு கேட்டாருங்க. அதுலிருந்து எனக்குப் பயமுங்க."

பெண்ணின் அப்பா தம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாஸ்டர், அந்தத் துணி இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றார். உள்ளேயிருந்து களுக்கென்று பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணப் பந்தியில் மாஸ்டருக்கு என் மனைவி தன் கையாலேயே நெய் ஊற்றினாள். கை தாராளத்தில் அப்படியே அம்மாதான். மாஸ்டர் ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார்.

"என்னங்க மாஸ்டர், தொடைக்கலீங்களா?" என்றேன்.

"மறந்து போச்சு கண்ணு" என்றார்.

மறதிக்கு அப்படிப் பயந்த மனிதர் எங்களுக்காகச் சொன்ன பொய் அது. அத்தனை பிரியமான பொய்யை அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொன்னதில்லை.