டேப்பண்ணன் பிடித்து நின்ற ஒயர்

உலகத்தில் எந்த ஒயரையும் எந்த ஒயரோடும் சேர்த்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் டேப்பண்ணன். அந்த நம்பிக்கையால் முப்பது வயதில் தலை நரைத்த ஒரே மனிதன் உங்கள் அப்பாவாகிய நான்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, பிள்ளைகளே. இரண்டு கைகளிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்புச் சுருள்களை வளையல் மாதிரி அடுக்கியிருப்பார். நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேபிள் டிவி இழுப்பவர். எங்கள் பனியன் கம்பெனிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தபோது, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு; ஒன்றோடொன்று இணைக்க முதலாளி அவரைத்தான் கூப்பிட்டார். கம்ப்யூட்டருக்கென்று விற்கும் ஒயரின் விலையைக் கேட்டதிலிருந்து முதலாளிக்கு நெஞ்சு படபடப்பு.

டேப்பண்ணன் சாம்பிள் ஒயரை மோந்து பார்த்தார்.

"இதுவுங் கறுப்பு, நம்ம டிவி ஒயருங் கறுப்பு. உள்ளாற ஒரு கம்பி, சுத்தியும் வலை. அப்புறம் எதுக்குங்க தண்டச் செலவு?"

"அண்ணா, இந்த கனெக்டருக்குள்ள டிவி ஒயரு நொழையாதுங்க," என்றேன்.

"நொழையாட்டி நொழைய வெக்கோணுங் தம்பி." பிளேடை எடுத்துக் கம்பியைப் பென்சில் போலச் சீவத் தொடங்கினார்.

ஒயரின் இரு கோடியிலும் ஒரு சின்ன மூடி மாட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. "இதென்ன தண்ணிப் பைப்புங்களா, ஒழுகிப்போக?" என்றார். காலில் விழாத குறையாக அதை மட்டும் வாங்க வைத்தேன்.

ஆபீஸிலிருந்து, துணி வெட்டும் கட்டிங் அறை வழியாகப் பேக்கிங் அறை வரை ஒரே ஒயர். அதில் ஏழு ஒட்டு. ஓரிடத்தில் விட்டால் மூன்று கம்ப்யூட்டரும் ஊமை. கட்டிங் மாஸ்டர் தும்மினால் விடும். பூனை தாண்டினால் விடும். "சரியாயிருச்சுங்க" என்று நான் முதலாளியிடம் சொன்னால் கட்டாயம் விடும்.

அப்படி விட்டது ஒரு சாயங்காலம். தூத்துக்குடி லாரி வாசலில் நிற்கிறது. பெட்டிகளின் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தால்தான் அது கிளம்பும்; பட்டியல் ஆபீஸ் கம்ப்யூட்டரில். பிரிண்டரோ பேக்கிங் அறையில். ஃபிளாப்பியில் எடுத்துப்போகலாமே என்பீர்கள். அங்கே பறந்த பஞ்சு, ஃபிளாப்பி போடும் வாயை எப்போதோ அடைத்துவிட்டது.

"சீக்கிரம் தாங்கண்ணே," என்றார் டிரைவர். "கப்பலு என்ன டவுன் பஸ்ஸா, கையக் காட்டுனா நிக்க?"

முதலாளி என்னிடம் வந்தார். "சரக்கு கப்பலத் தவறவிட்டு, காசக் கொட்டிப் பிளேன்ல அனுப்பற மாதிரி ஆச்சுன்னா, நாளைக்கு நீங்க வேற கம்பெனி பாத்துக்கலாமுங்க." இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் வேலையிலிருந்து துரத்தியிருக்க மாட்டார்கள்.

டேப்பண்ணன் ஓடி வந்தார். ஏழு ஒட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, தூண் உச்சியில் இருந்த ஒட்டை ஸ்டூல் மேல் ஏறி அழுத்தினார். பிரிண்டர் கர்ரென்றது. கையை எடுத்தார், நின்றது. கைவசமிருந்த டேப்பையெல்லாம் சுற்றினார்; பிரிண்டர் அசையவில்லை. மறுபடி அழுத்தினார், கர்ர்.

"புடிச்சாத்தானுங் ஓடுது," என்றார் பரிதாபமாக.

"அப்பப் புடிங்கண்ணா!" என்றேன்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி ஒரு மணி நேரம் நின்றார். பேக்கிங் அக்கா ஒருத்தர் நாற்காலி மேல் ஏறி அவர் வாயில் டீ ஊற்றினார். மூக்கில் ஈ உட்கார்ந்தது, "ஆராச்சும் ஓட்டுங்க சாமி!" என்றாரே தவிரக் கையை எடுக்கவில்லை. கடைசித் தாள் வந்து, லாரி கிளம்பிய பிறகும் கைகள் கீழே இறங்கவில்லை. போலீஸிடம் சரணடைந்தவர் மாதிரி நின்றவரை இரண்டு பேர் சேர்ந்துதான் மடக்கி இறக்கினோம்.

அடுத்த வாரமே கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் வந்து, டிவி ஒயர் முழுவதையும் பிடுங்கிவிட்டுச் சரியான ஒயரைப் போட்டார்கள். பிடுங்கியதைச் சுருட்டிக்கொண்டு போக வந்த டேப்பண்ணன், என் மேசையடியில் குனிந்து புதுக் கனெக்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"புடிக்காமயே நிக்குதுங் தம்பி," என்றார்.

"அதெல்லாஞ் சும்மாங்கண்ணா. அடிக்கடி லூசாகுது. வாரம் ஒருக்கா நீங்க வந்து பாத்தாத்தான் ஆகும்," என்றேன்.

அது ஒருநாளும் லூசாகவில்லை. நான் அங்கே வேலை பார்த்த வரைக்கும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் வந்து அதை அழுத்திப் பார்ப்பார். நான் இரண்டு டீ சொல்லுவேன்.